குளோட் எத்தியேன் மினியே

குளோட் எத்தியேன் மினியே (பெப்ரவரி 13, 1804 - டிசம்பர் 14, 1879) பிரெஞ்சுப் படை அதிகாரியும், துப்பாக்கிக் குண்டு வடிவமைப்பாளரும் ஆவார். 1849 ஆம் ஆண்டில் இவர் உருவாக்கிய, கூரிய முனையும் குழிந்த அடிப்பகுதியும் கொண்ட ஈயக் குண்டு இவரது பெயரால் மினியே குண்டு என அழைக்கப்படுகின்றது. கிரிமியப் போர், 1857 ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சி, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆகிய மூன்றின் வரலாற்றிலும் இக்குண்டுக்கோ இதன் வழிவந்த குண்டுகளுக்கோ இடமுண்டு.

உலகெங்கும் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் மினியே குண்டு என்ற பெயரில் உள்ளவற்றுள் மிகப் பெரும்பாலானவை மினியே வடிவமைத்தவை அல்ல. அவர் தமது குண்டில் சேர்த்த தனிச்சிறப்பான உறுப்பு, அடிக்குழியில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய இரும்புக் கிண்ணமாகும். பின்வந்தோர் அதனை நீக்கிவிட்டனர். ஆயினும் அவரது பெயரை நீக்கவில்லை. இதனால் மினியேயின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அக்குண்டின் அமைப்பையும் ஓரளவு அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

இளமையும் படைச் சேவையும்

மினியே பாரிசு நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து கேப்டன் பதவியை அடைந்தார். 1830 இல் பிரான்சு அல்ஜீரியா மீது படையெடுத்தது. அதனைத் தொடர்ந்து பல ஆண்டுகள் நீடித்த வட ஆப்பிரிக்கப் போர்களில், சசேர் எனப்படும் இலகு காலாட்படைப் பிரிவில் மினியே பணியாற்றினார். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு வேட்டைக்காரர் என்பது பொருள். குறிபார்த்துச் சுடுவதில் பயிற்சி பெற்ற வீரர்களைக் கொண்டது இப்பிரிவு.

மலைப்பாங்கான அந்நாட்டில் பிரெஞ்சுப் படையினர் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று, எதிர்த் தரப்பினரின் நீண்ட குழல் துப்பாக்கிகள் ஆகும். பிரெஞ்சு வீரர்களின் மஸ்கட் துப்பாக்கிகள் எட்ட முடியாத தொலைவில் இருந்துகொண்டு அவர்களால் சுட முடிந்தது. தொலைவுக்கும் சுட வேண்டும், விரைவாகவும் சுட வேண்டும் என்ற இரு தேவைகளும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன.

குழலும் குண்டும்

இம்முரண்பாட்டைப் புரிந்துகொள்ள அக்காலத் துப்பாக்கிகளின் இயல்பை அறிதல் வேண்டும். மஸ்கட் என்பது உட்புறம் வழுவழுப்பான குழலைக் கொண்டது. வெடிமருந்தும் உருண்டையான ஈயக் குண்டும் குழலின் வாய் வழியாகவே உள்ளே இடப்பட்டன. கரிமருந்து எரிந்தபின் குழலில் கரி படியும் ஆதலால், குண்டு குழலின் விட்டத்தைக் காட்டிலும் சற்றுச் சிறியதாகச் செய்யப்பட்டது. எனவே அது எளிதாக உள்ளே இறங்கியது. ஆனால் சுடும்போது குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதிக்கொண்டு வெளியேறியது. ஏறத்தாழ 100 மீட்டருக்கு அப்பால் தனி ஒருவரைக் குறிவைத்துச் சுடுவது பெரும்பாலும் வீண் முயற்சியாகவே முடிந்தது.

ரைபிள் எனப்படும் துப்பாக்கியில் குழலின் உட்சுவரில் திருகாணியின் புரி போன்று சுருண்டு செல்லும் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு இக்காடிகளைப் பற்றிக்கொண்டால் பம்பரம் போலச் சுழன்று வெளியேறும். சுழலும் குண்டு தன் திசையிலிருந்து எளிதில் விலகாது. ஆனால் காடிகளைப் பற்றவேண்டுமாயின் குண்டு குழலுக்கு இறுக்கமாக இருத்தல் வேண்டும். அத்தகைய குண்டைக் குழலின் வாயிலிருந்து அடிவரை தள்ளுவதற்குச் சுத்தியலும் வலிமையும் நேரமும் தேவைப்பட்டன. மஸ்கட் வீரன் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை சுடுகையில், ரைபிள் வீரன் ஒரு முறை சுடுவதே அரிதாக இருந்தது. இதனால் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ரைபிள் சில சிறப்புப் படைப்பிரிவுகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

உள்ளே இறங்கும்போது தளர்வாகவும், வெளியேறும்போது இறுக்கமாகவும் இருக்கும் ஒரு குண்டு வேண்டும் என்பதே அக்காலத்துப் படைக்கல அறிஞர்கள் பலரின் தேடலாக இருந்தது.

முன்னோடிகள்

இத்தேடலில் மினியே முதல்வர் அல்லர். பிரித்தானியப் படையின் 34 ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் அடிப்பகுதி குழிந்த நீள்குண்டு ஒன்றை முன்னரே வடிவமைத்திருந்தார். தென்னிந்தியாவில் ஊதுகுழலில் வைத்து ஊதப்படும் அம்புகளின் அடியில் தாமரைத் தண்டின் மென்மையான உட்பகுதி பொருத்தப்பட்டிருந்ததையும், ஊதும்போது அது விரிந்து காற்று வெளியேறாமல் குழலை அடைத்துக்கொண்டதையும் கண்டே அவருக்கு இக்கருத்துத் தோன்றியதாகக் கூறப்படுகின்றது. தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி இது. எனினும் நார்ட்டனின் குண்டைப் பிரித்தானியப் படை ஏற்கவில்லை.

1830களின் நடுப்பகுதியில் ஆங்கிலேயத் துப்பாக்கி செய்வோரான வில்லியம் கிரீனர், அடியில் உள்ள துளையில் ஆப்பு ஒன்று செருகப்பட்ட முட்டை வடிவக் குண்டை உருவாக்கினார். வெடிமருந்து எரியும்போது ஆப்பு உள்ளே தள்ளப்பட்டுக் குண்டை விரியச் செய்யும். சோதனையில் அது நன்கு செயற்பட்டது. ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்ட பாகங்களைக் கொண்டது என்ற காரணம் காட்டி அதுவும் ஒதுக்கப்பட்டது.

பிரான்சில் 1826 ஆம் ஆண்டில் ஹென்றி குஸ்தாவ் டெல்வின் வேறொரு வழியை முயன்றார். குழலின் அடியில் வெடிமருந்துக்கெனச் சற்றுக் குறுகலான அறையை அமைத்தார். தளர்வாக இறங்கும் குண்டு அவ்வறையின் விளிம்பில் தங்கும். அதன்மேல் இருப்புக்கோலால் ஓங்கிக் குத்தினால் ஈயம் நசுங்கி அகன்று காடிகளில் பதியும். இதன் குறையும் அதிலேயே இருந்தது: நசுங்கிய குண்டு உருக்குலைந்து நேராகப் பறப்பதில்லை. கர்னல் தூவெனான் 1840களில் குழலின் அடி நடுவில் உருக்குத் தண்டு ஒன்றை நட்டு, குண்டை அதன்மேல் வைத்துக் குத்தும் முறையைக் கொணர்ந்தார். குண்டு சீராக விரிந்தது. ஆனால் தண்டைச் சுற்றிலும் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது வீரர்களுக்குப் பெருந்தொல்லையாக அமைந்தது. தமீசியே என்ற மற்றொரு அதிகாரி குண்டின் பக்கங்களில் வளையமாகக் காடிகள் வெட்டும் முறையை ஆராய்ந்தார்.

மினியே குண்டு

மினியே இம்முயற்சிகளை நன்கறிந்தவர். வீரன் கோலால் குத்துவதன் மூலம் குண்டை விரியச் செய்வதற்குப் பதிலாக, வெடிமருந்தின் அழுத்தத்தைக் கொண்டே அதனை விரியச் செய்வது அவரது முறை. அவரது குண்டின் கீழ்ப்பகுதி உருளை வடிவிலும் மேற்பகுதி கூம்பு வடிவிலும் இருந்தது. பக்கங்களில் கொழுப்பு நிரப்புவதற்கான வளையக் காடிகள் இருந்தன. அடியில் உட்செல்லச் செல்லக் குறுகும் குழி ஒன்று இருந்தது. குழியின் வாயில் மெல்லிய இரும்புத் தகட்டாலான கிண்ணம் பொருத்தப்பட்டது.

விசையை இழுத்ததும் வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு முதலில் இலேசான இரும்புக் கிண்ணத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. கனமான ஈயக் குண்டு நகரத் தொடங்குமுன்னரே கிண்ணம் குறுகிய குழிக்குள் ஆப்புப் போல நுழைந்து, ஈயச் சுவரை வெளிப்புறமாக விரிக்கின்றது. விரிந்த ஈயம் காடிகளில் பதிந்து, வாயு கசிவதையும் தடுக்கின்றது. குண்டு சுழன்றபடி வெளியேறுகின்றது. இதற்கெனக் குழலில் அறையோ தண்டோ தேவையில்லை. வீரன் மஸ்கட்டைப் போன்றே விரைவாகக் குண்டை இட முடிந்தது. கொழுப்பு, குழலில் படிந்த கரியை இளக்கியது.

குண்டு தூய ஈயத்தால் ஆனது என்பதும் முக்கியமானது. வெள்ளீயமோ ஆண்டிமனியோ கலந்தால் ஈயம் கடினமாகும். கடினமான ஈயம் விரியாது. பிற்காலக் குண்டுகள் கடினமாக்கப்பட்டதற்கும் இக்குண்டு மென்மையாக இருந்தே தீரவேண்டியிருந்ததற்கும் இதுவே வேறுபாடு.

குறையும் இல்லாமலில்லை. சில வேளைகளில் இரும்புக் கிண்ணம் குண்டையே துளைத்துக்கொண்டு வெளியேறி, ஈய வளையம் ஒன்றைக் குழலினுள் விட்டுச் சென்றது. அடுத்த குண்டை இடுவதற்கு அவ்வளையம் தடையாயிற்று. கிண்ணங்களைத் தனியே செய்து ஒவ்வொன்றாகப் பொருத்துவது செலவு மிக்கதாகவும் இருந்தது.

பிரெஞ்சு அரசு மினியேக்கு 20,000 பிராங்குகளைப் பரிசாக வழங்கி, வன்சென் நகரிலிருந்த படைப்பள்ளியில் பணியமர்த்தியது. எனினும் பிரான்சு தனது படை முழுமைக்கும் அக்குண்டை உடனே வழங்கிவிடவில்லை. அதனைப் பெருமளவில் முதலில் ஏற்றது பிரித்தானியாவே.

பிரித்தானியாவில்

பிரித்தானிய அரசு மினியேயின் வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமைக்காக 20,000 பவுண்டுகளைச் செலுத்தியது. 1851 ஆம் ஆண்டில் 0.702 அங்குலம் (ஏறத்தாழ 17.8 மில்லிமீட்டர்) குழல் விட்டமுடைய மினியே ரைபிள் பிரித்தானியப் படைக்கு வழங்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஹோசா மக்களுக்கு எதிரான போரிலும், பின்னர் 1854 ஆம் ஆண்டின் ஆல்மா, இங்கர்மன் சமர்களிலும் இது பயன்பட்டது. கிரிமியாவில் பெரும்பாலும் வழுவழுப்பான குழல் மஸ்கட்டுகளையே வைத்திருந்த உருசியக் காலாட்படை, தான் சுடுவதற்குமுன் தொலைவிலேயே சுடப்பட்டது.

தம் குண்டை ஒதுக்கிய அரசு, அதே தத்துவத்துக்காக வெளிநாட்டவர் ஒருவருக்கு இவ்வளவு பெருந்தொகையை அளித்ததைக் கிரீனர் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் தொடர்ந்து முறையிட்டார். 1857 இல் விரியும் குண்டு பற்றிய கருத்தை முதலில் வெளியிட்டவர் என அவரை ஏற்று, அரசு 1,000 பவுண்டுகள் வழங்கியது. இருபதில் ஒரு பங்கு எனினும் உரிமை ஏற்கப்பட்டது.

என்ஃபீல்ட் ரைபிளும் இந்தியாவும்

1851 ஆம் ஆண்டு ரைபிள் கனமானது. ஆகவே 0.577 அங்குல (14.7 மில்லிமீட்டர்) விட்டமுடைய 1853 ஆம் ஆண்டு என்ஃபீல்ட் ரைபிள் அதன் இடத்தைப் பிடித்தது. இதற்கான குண்டை வடிவமைத்தவர் துப்பாக்கி செய்வோரும் ஓவியருமான ராபர்ட் டெய்லர் பிரிச்செட் ஆவார். அவரது குண்டின் விட்டம் 0.568 அங்குலம், எடை 530 கிரெயின் (ஏறத்தாழ 34 கிராம்). இதில் மினியேயின் இரும்புக் கிண்ணம் இல்லை. பக்கங்களில் காடிகளும் இல்லை. பின்னர் குழியில் பாக்ஸ்வுட் என்னும் கடின மரத்தாலான அடைப்பான் செருகப்பட்டது. இன்னும் பிற்காலத்தில் மரத்துக்குப் பதிலாகச் சுட்ட களிமண் அடைப்பான் வந்தது.

பக்கங்களில் காடி இல்லாமை சிறிய மாற்றமாகத் தோன்றலாம். அதன் விளைவு சிறியதன்று. காடி இருந்தால் கொழுப்பு குண்டிலேயே தங்கும். காடி இல்லாத குண்டைச் சுற்றியிருந்த தோட்டாத் தாளின் மீதே கொழுப்பைத் தடவ வேண்டியதாயிற்று. தாளோடு சேர்த்தே குண்டு குழலுக்குள் தள்ளப்பட்டது. தோட்டாவின் ஒரு முனையில் வெடிமருந்தும் மறுமுனையில் குண்டும் இருந்தன. வீரன் வெடிமருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் எனப் படைப்பயிற்சி விதித்தது. கொழுப்புத் தடவப்பட்டது குண்டு இருந்த முனையில் ஆகும். ஆயினும் கையில் ஒட்டும் தாளை வாயில் வைக்க வேண்டியிருந்த வீரனுக்கு இவ்வேறுபாடு ஆறுதல் அளிக்கக் கூடியதாக இல்லை.

1857 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் பயிற்சி நிலையத்தில், தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் உள்ளன என்ற செய்தி சிப்பாய்களிடையே பரவியது. முன்னது இந்துக்களுக்கும் பின்னது இசுலாமியருக்கும் ஏற்புடையதன்று. வீரர்கள் தாங்களே நெய்யும் மெழுகும் கலந்து தடவிக்கொள்ளலாம் எனவும், பல்லுக்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் எனவும் பின்னர் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பே ஐயத்தை உறுதிப்படுத்துவதாகச் சிப்பாய்களுக்குத் தோன்றியது. மார்ச் 29 இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே தனது அதிகாரிகளைத் தாக்கினார். மீரட்டில் தோட்டாக்களைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்கள் மே 9 இல் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. நில உரிமை, ஊதியம், அரசுகள் இணைக்கப்பட்டமை எனக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா அவற்றைப் பற்றவைத்த பொறி எனலாம்.

இதில் மினியேக்கு நேரடித் தொடர்பு ஏதுமில்லை. அவரது குண்டிலும் கொழுப்பு இருந்தது என்பது மட்டுமே தொடர்பு.

1859 முதல் என்ஃபீல்ட் குண்டின் விட்டம் 0.550 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கரி படிந்த குழலில் பழைய அளவுக் குண்டு சிக்கிக்கொண்டதே இதன் காரணம்.

அமெரிக்காவில்

அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பர்ட்டன், அடிக்குழியை ஆழமாக்கி அதன் சுவரை மெல்லியதாக்கினால் கிண்ணம் இன்றியே வாயுவின் அழுத்தத்தால் ஈயம் விரியும் எனக் கண்டறிந்தார். ஒரே துண்டு ஈயம், பக்கங்களில் கொழுப்பு நிரப்ப மூன்று காடிகள், அடியில் கூம்பு வடிவக் குழி. இவ்வளவே அக்குண்டு. செலவு குறைந்தது, செய்வது எளிது. 1855 இல் அமெரிக்கப் படை இதனை ஏற்றது. அப்போது போர்த்துறைச் செயலராக இருந்தவர், பின்னாளில் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரான ஜெபர்சன் டேவிஸ். பர்ட்டனும் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் என்ஃபீல்ட் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளராக இருந்துவிட்டு, போர் தொடங்கியபின் தென்மாநிலங்களுக்குப் படைக்கலம் செய்து கொடுத்தார். போரின் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே குண்டைக் கொண்டு ஒருவரையொருவர் சுட்டனர். அதனை அவர்கள் மினி பந்து என அழைத்தனர். மினியேயின் பெயர் சிதைந்து வழங்கிய வடிவமே இது. குண்டு சிறியதும் அன்று, பந்து வடிவினதும் அன்று.

0.58 அங்குல ரைபிளுக்கான இக்குண்டு ஏறத்தாழ 500 கிரெயின் (32 கிராம்) எடையுடையது. நொடிக்கு 290 மீட்டர் அளவில் குழலிலிருந்து வெளியேறியது. தற்காலக் குண்டுகளோடு ஒப்பிடுகையில் இது மெதுவானது. ஆனால் மென்மையான, கனமான ஈயம் உடலில் பட்டதும் தட்டையாகி விரிந்தது. உருண்டைக் குண்டு பெரும்பாலும் எலும்பில் பட்டு விலகிச் சென்ற இடத்தில், இது எலும்பைப் பல சில்லுகளாக நொறுக்கியது. உடைத் துணியையும் அழுக்கையும் காயத்துக்குள் இழுத்துச் சென்றது. கிருமிகள் பற்றிய அறிவு மருத்துவத்தில் பரவாத காலம் அது. நொறுங்கிய கை கால்களை அகற்றுவதே உயிர் காக்கும் வழியாக இருந்தது. வடமாநிலப் படையின் மருத்துவப் பதிவுகளில் மட்டும் ஏறத்தாழ 30,000 உறுப்பு நீக்கங்கள் இடம்பெற்றுள்ளன.

மினியே குண்டு போர்முறையையே மாற்றிவிட்டது என்று பாடநூல்களில் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைக்கால வரலாற்றாய்வாளர் சிலர் இதனை மறுக்கின்றனர். குண்டு மெதுவாகச் சென்றதால் தொலைவில் உள்ளவரைச் சுட அதனை உயர்த்திச் சுட வேண்டியிருந்தது. நடுவில் நிற்போரின் தலைக்கு மேலாக அது சென்றுவிடும். தொலைவைச் சரியாக மதிப்பிடும் பயிற்சி பெரும்பாலான வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆதலால் பெரும்பாலான சமர்கள் மஸ்கட் காலத்துத் தொலைவிலேயே நிகழ்ந்தன என்பது அவர்களது வாதம். 500 கெஜம் வரை குறிக்கப்பட்ட குறிகாட்டி துப்பாக்கியில் இருந்தது என்பதால் மட்டும் வீரர்கள் அத்தொலைவில் சுட்டனர் எனக் கொள்வதற்கில்லை.

பிற்கால வாழ்க்கை

மினியே 1858 இல் கர்னல் நிலையில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் எகிப்திய ஆட்சியாளரின் அழைப்பின் பேரில் அங்கு படைப்பயிற்சி ஆசிரியராக இருந்தார். அமெரிக்காவின் ரெமிங்டன் படைக்கல நிறுவனத்திலும் நிர்வாகப் பொறுப்பு வகித்ததாக அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1879 டிசம்பர் 14 இல் காலமானார்.

அவர் மறையும்போதே அவரது குண்டு பழம்பொருளாகிவிட்டது. குழலின் பின்புறம் தோட்டாவை இடும் துப்பாக்கிகள் 1860களில் பரவின. பின்புறமாக இடும்போது குண்டு தளர்வாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பிரித்தானியா தனது என்ஃபீல்ட் ரைபிள்களை 1866 முதல் ஸ்னைடர் முறைக்கு மாற்றியபோது மட்டும், பழைய குழலையே பயன்படுத்தியதால், விரியும் குண்டு சில காலம் நீடித்தது. 1880களில் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயத்தின்மீது செம்பு உறை போர்த்திய குண்டை உருவாக்கினார். 1886 இல் பிரான்சு புகையற்ற வெடிமருந்தையும் உறையிட்ட குண்டையும் கொண்ட லெபெல் ரைபிளை ஏற்றது. அதிவேகத்தில் வெற்று ஈயம் காடிகளில் உரிந்து போகும் என்பதால், அதன்பின் படைத்துறை ரைபிள்களில் வெற்று ஈயக் குண்டுக்கு இடமில்லாமற் போயிற்று.

குண்டுகளை அடையாளம் காணல்

போர்க்களங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் கிடைத்த இவ்வகைக் குண்டுகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் ஏராளமாக உள்ளன. அவற்றை வகைப்படுத்த வேதியியல் ஆய்வுகூடம் தேவையில்லை. கண்ணும் விட்டமானியும் தராசும் ஒரு சிறு காந்தமும் பெரும்பாலும் போதுமானவை.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி ஆகும். உண்மையான மினியே அமைப்பாயின் குழியில் இரும்புக் கிண்ணம் இருக்கும். ஈயம் காந்தத்தால் ஈர்க்கப்படாது. குழியின் பக்கம் ஈர்ப்புத் தெரிந்தால் கிண்ணம் உள்ளது எனக் கொள்ளலாம். மண்ணில் கிடந்தவற்றில் கிண்ணம் துருப்பிடித்து உதிர்ந்திருக்கக் கூடும். அப்போதும் குழியின் சுவரில் பழுப்பு நிறக் கறை எஞ்சியிருக்கும். குழி ஆழமாகவும் வெறுமையாகவும் இருந்து, பக்கத்தில் மூன்று காடிகள் காணப்படின் அது பெரும்பாலும் பர்ட்டனின் அமெரிக்க வடிவமாகும். பக்கங்கள் வழுவழுப்பாக இருந்து, குழியில் மரம் அல்லது களிமண் எச்சம் தென்பட்டால் அது என்ஃபீல்ட் குண்டு. மரம் மண்ணில் மக்கிவிடும். சுட்ட களிமண் மக்காது. முனையினுள்ளும் ஒரு துளை மறைந்திருந்து, அடியில் களிமண் அடைப்பானும் இருப்பின் அது ஸ்னைடர் தோட்டாவுக்குரியது. இதனை என்ஃபீல்ட் குண்டு எனத் தவறாகக் கொள்வோர் பலர்.

அடுத்தது செய்முறை. அச்சில் உருக்கி வார்க்கப்பட்ட குண்டின் இரு பக்கங்களிலும் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். உருகிய ஈயம் ஊற்றிய இடத்தை வெட்டிய தழும்பு பெரும்பாலும் முனையில் காணப்படும். ஈயக் கம்பியைத் துண்டாக்கி இயந்திரத்தில் அழுத்திச் செய்யப்பட்ட குண்டில் இவை இரா. சில அமெரிக்கக் குண்டுகளின் குழியினுள் நட்சத்திர வடிவம் காணப்படும். அது வாஷிங்டன் படைக்கலச் சாலையின் அழுத்து இயந்திரத்தால் ஏற்பட்டது எனச் சேகரிப்பாளர்கள் கருதுகின்றனர்.

மூன்று காடிகளுக்குப் பதில் இரண்டே வளையங்களும், அடியில் தோட்டாத் தாளைச் செருகி மடிப்பதற்கான விளிம்பும் கொண்ட குண்டு, வட கரோலினாவைச் சேர்ந்த கார்ட்னரின் 1861 ஆம் ஆண்டுக் காப்புரிமையின்படி தென்மாநிலங்களில் செய்யப்பட்டது. வேறு சில குண்டுகளின் அடியில் துத்தநாகத் தகடு ஒன்று ஈய ஆணியால் பொருத்தப்பட்டிருக்கும். இவை வில்லியம்ஸ் குண்டுகள். சுடும்போது தகடு தட்டையாகி விரிந்து குழலின் கரியைச் சுரண்டிச் செல்லும் என்பதால் இவற்றைத் துப்புரவுக் குண்டுகள் என்பர். குறி தவறாமையை மேம்படுத்துவதே வில்லியம்சின் முதல் நோக்கமாக இருந்தது. துத்தநாகம் ஈயத்தைவிட வெளிறிய நிறத்தில், வேறுவிதமாக அரிக்கப்பட்டிருப்பதால் எளிதில் பிரித்தறியலாம்.

குண்டு சுடப்பட்டதா என்பதும் கவனிக்கத் தக்கது. சுடப்பட்டதாயின் பக்கங்களில் குழலின் காடிகள் சாய்வான வரிகளாகப் பதிந்திருக்கும். என்ஃபீல்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் இரண்டுமே மூன்று காடிகள் கொண்டவை. வரிகள் இல்லாதவை வீரரின் கையிலிருந்து நழுவி விழுந்தவையோ எறியப்பட்டவையோ ஆகும். முனையில் திருகுத் துளை காணப்படின், சுட இயலாமல் சிக்கிய குண்டைத் திருகுக்கோல் கொண்டு வெளியே இழுத்திருக்கின்றனர். முகாம்களில் பொழுது போகாத வீரர்கள் கத்தியால் செதுக்கிச் சதுரங்கக் காய்களாக்கிய குண்டுகளும் உண்டு. பற்குறிகள் உள்ள குண்டுகளை, அறுவை மருத்துவத்தின்போது நோயாளி வலி தாளாமல் கடித்தவை எனக் கூறி விற்பது வழக்கம். மயக்கமருந்து அப்போரில் பரவலாகப் பயன்பட்டது. அக்குண்டுகளுள் பலவற்றைக் கடித்தவை பன்றிகளே.

நெடுங்காலம் மண்ணில் கிடந்த ஈயத்தின்மேல் வெண்மை அல்லது வெளிர்பழுப்பு நிறப் படலம் இறுகப் படிந்திருக்கும். இதனைச் சுரண்டி அகற்றினால் பழமைக்கான சான்று அழிந்துவிடும், மதிப்பும் குறையும். பழைய அச்சுகளைப் போன்றே இன்றும் அச்சுகள் விற்கப்படுகின்றன. போர் நிகழ்வுகளை நடித்துக் காட்டுவோரும் பழைய ரைபிள்களைச் சுடுவோரும் புதிய குண்டுகளை வார்க்கின்றனர். நகத்தால் கீறினால் தூய ஈயத்தில் கோடு விழும். விழவில்லையெனில் அது ஆண்டிமனி கலந்த பிற்கால உலோகமாக இருக்கலாம் என ஐயுற இடமுண்டு.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களாக உள்ள போர்க்களங்களிலிருந்து எப்பொருளையும் எடுப்பது சட்டப்படி குற்றமாகும். எடுத்த இடம் தெரியாத குண்டு ஆய்வாளருக்கும் பெரிதும் பயன்படுவதில்லை. எந்த மேட்டில் எவ்வகைக் குண்டு, சுடப்பட்டதா சுடப்படாததா என்ற பதிவைக் கொண்டே படை நின்ற இடத்தையும் சென்ற திசையையும் தொல்லியலாளர் கணிக்கின்றனர். ஈயத்தின் மேலுள்ள வெண்படலம் நச்சுத்தன்மை உடையது. குண்டுகளைத் தொட்டபின் கைகளைக் கழுவுதல் வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாதவாறு மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.